பால் டிஃப் வழுக்கினால் முதலில் கழற்றிப் பாருங்கள்

தை அறுவடை முடிந்து, உளுந்து தெளிக்காத தரிசெல்லாம் காய்ந்துவிட்டது. ஆர்.சி. கார்கள் (ரிமோட்டில் ஓடும் சிறு கார்கள்) வயலில் இறங்கியதும் டிஃப் பற்றிய கேள்விகளும் வரத் தொடங்கிவிட்டன. வளைவில் இரு பக்கச் சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃபரன்ஷியல்தான் டிஃப். பால் டிஃப்பில் இரண்டு ரிங்குகளுக்கு நடுவே குண்டுகள் இறுக்கிப் பிடிக்கப்பட்டிருக்கும்.

வளைவு முடிந்து த்ராட்டில் கொடுத்தால் என் 1/10 பக்கி (அசலில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள, மண்தரையில் ஓடும் கார்) 'கீச்' என்று கத்துகிறது, இழுக்க மாட்டேன் என்கிறது. டிஃப் ஸ்க்ரூவை இறுக்கினால் சரியாகிறது. இரண்டு பேட்டரி ஓடுவதற்குள் பழையபடி ஆகிவிடுகிறது. (மன்னார்குடி)

உடனே ஓட்டுவதை நிறுத்துங்கள். குண்டுகள் உருளாமல் ரிங் மேல் சறுக்கும் சத்தம் அது. இப்படியே ஓட்டினால் ரிங்கில் கோடு விழும், குண்டு தட்டையாகும், பிறகு எவ்வளவு இறுக்கினாலும் பிடிக்காது.

வழுக்குவது டிஃப்தானா என்று முதலில் உறுதி செய்யுங்கள். ஸ்லிப்பரை (சுமை கூடினால் வழுக்கிக்கொடுக்கும் கிளட்ச்) முழுக்க இறுக்கிவிட்டு, ஸ்பர் கியரையும் (மோட்டார் சுற்றும் பெரிய பல்சக்கரம்) ஒரு பின் டயரையும் அசையாமல் பிடித்து, மறு டயரைச் சுற்றிப் பாருங்கள். சுற்றினால் குற்றவாளி டிஃப்.

இறுக்கியது திரும்பத் திரும்பத் தளர்கிறது என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது த்ரஸ்ட் பேரிங்கை. ஸ்க்ரூவின் தலை ஒரு பக்க அவுட்டிரைவில் (டிஃப்பிலிருந்து சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொடுக்கும் பாகம்), நட்டு மறுபக்க அவுட்டிரைவில். வளைவில் இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுற்றும். அந்த வேறுபாடு ஸ்க்ரூவுக்குப் போகாமல் தடுப்பதுதான் த்ரஸ்ட் பேரிங்கின் வேலை. நம் வண்டல் மண் தூசி மாவு மாதிரி. அது உள்ளே புகுந்து பேரிங் கரகரத்தால், ஒவ்வொரு வளைவும் ஸ்க்ரூவைத் திருகிக்கொண்டே இருக்கும். பேரிங்கை மாற்றுங்கள். நட்டில் நைலான் தேய்ந்திருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள்.

ரிங்கில் வட்டமாகத் தடம் விழுந்திருக்கிறது. புதிதுதான் வாங்க வேண்டுமா? (கும்பகோணம்)

திருப்பிப் போடலாம், மறுபக்கம் சும்மாதானே இருக்கிறது. அதற்கு முன் ஒரு கண்ணாடித் துண்டின் மேல் 600 நம்பர் வாட்டர் பேப்பரை வைத்து, எட்டுப் போடுவது போலத் தேயுங்கள். பளபளப்பு போய் மங்கினால் போதும். விரல் நகத்துக்குத் தட்டுப்படும் பள்ளம் என்றால் தூக்கிப் போடுங்கள்.

சைக்கிள் கடை பால்ரஸ் குண்டு போடலாமா? (திருவாரூர்)

வேண்டாம். பல 1/10 பக்கிகளில் இருப்பது 3/32 அங்குலம், அதாவது சுமார் 2.4 மி.மீ. சைக்கிளில் வருவது பெரும்பாலும் அதைவிடப் பெரிது. ஒரு குண்டு மட்டும் தேய்ந்திருந்தாலும் முழு செட்டையும் மாற்றுங்கள். அளவு கொஞ்சம் வேறுபட்டாலும் பெரிய குண்டுகளே மொத்தச் சுமையையும் தாங்கும். கார்பைடு குண்டு கிடைத்தால் யோசிக்காமல் வாங்குங்கள்.

பம்புசெட்டுக்குப் போடும் கிரீஸ் இருக்கிறது, போதுமா? (மயிலாடுதுறை)

டிஃப் குண்டுகளுக்குக் கூடவே கூடாது. வழுக்கலுக்கு அதுவே காரணமாகிவிடும். அங்கே சிலிக்கான் டிஃப் லூப் (டிஃப்புக்கான மசகு), அதுவும் மெல்லிசாக. த்ரஸ்ட் பேரிங்குக்குக் கறுப்பு மோலி (மாலிப்டினம் கலந்த) கிரீஸ். இரண்டையும் கலந்துவிடாதீர்கள்.

எல்லாம் மாற்றியாயிற்று. எவ்வளவு இறுக்குவது? (திருவையாறு)

உங்கள் காரின் மேனுவலில் வேறு அளவு இருந்தால் அதையே பின்பற்றுங்கள். பொதுவாக, டிஃப் ஸ்க்ரூவிலுள்ள ஸ்பிரிங் முழுக்க அமுங்கும் வரை மெதுவாக இறுக்கி, அங்கிருந்து அரைக்கால் சுற்று தளர்த்துங்கள். பிறகு ஒரு டயரைப் பிடித்துக்கொண்டு சிறு த்ராட்டிலில் அரை நிமிடம், டயரை மாற்றிப் பிடித்து இன்னொரு அரை நிமிடம் ஓடவிட்டு, ஸ்க்ரூவை மறுபடி சரிபாருங்கள். கடைசியாக, ஸ்லிப்பரை டிஃப்பைவிடக் கொஞ்சம் தளர்வாக வையுங்கள். டிஃப் வழுக்குவதற்கு முன் ஸ்லிப்பர் வழுக்கியாக வேண்டும்.