கிளவுட் படிக்க 4,000 வெள்ளி கட்டலாமா?

தம்பி, பாயான் லெப்பாஸில் ஷிப்ட் வேலை பார்த்துக்கொண்டே கிளவுட் (இணையம் வழியே வாடகைக்கு எடுக்கும் சர்வர்கள்) வகுப்புக்கு 4,000 வெள்ளி கட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். அமேசானின் கிளவுட் சேவையான ஏடபிள்யூஎஸ் தரும் தொடக்கநிலைச் சான்றிதழ் கிளவுட் பிராக்டிஷனர்; அதன் தேர்வுக் கட்டணமே 100 அமெரிக்க டாலர்தான். பாடங்கள் அவர்களுடைய ஸ்கில் பில்டர் பயிற்சித் தளத்தில் இலவசம்.

ஆனால் அந்தச் சான்றிதழை மட்டும் நம்பிப் போனால் நேர்முகத்தில் திணறுவீர்கள். முதலில் லினக்ஸ் (சர்வர்களில் ஓடும் இயங்குதளம்), அப்புறம் நெட்வொர்க்கிங். ஒரு /16 ஐபி முகவரித் தொகுதியை (முதல் 16 பிட் மாறாதது) /24 ஆக வெட்டினால் ஏன் 256 துண்டு வருகிறது? தாளில் போட்டுப் பாருங்கள். (நைட் ஷிப்ட் இடைவேளைக்கு நல்ல வேலை!)

பிறகு, 2024 ஆகஸ்டில் திறந்த ஏடபிள்யூஎஸ்ஸின் மலேசிய ரீஜனில் (அவர்களுடைய தரவு மையங்கள் இருக்கும் வட்டாரம்) சின்ன சர்வர் ஒன்றை ஏற்றுங்கள். அந்த ரீஜனை உங்கள் ஏடபிள்யூஎஸ் கணக்கு அமைப்பில் நீங்களே இயக்கிவிட வேண்டும். பட்ஜெட் எச்சரிக்கையை முதல் நாளே போடுங்கள். நேட் கேட்வே (உள் சர்வர்களை இணையத்துக்கு இணைக்கும் வாசல்) சும்மா கிடந்தாலும் மணிக்கு இவ்வளவு என்று காசு ஏறும்.