நாற்பது மீட்டர் ஒயரும் எழாத பேஸும்

வணக்கம் அண்ணே. சுங்கை சிப்புட் தோட்டத் திடல் பிறந்தநாள் விருந்துக்கு, மண்டபத்தில் ஆம்ப்ளிஃபையர், 40 மீட்டர் தள்ளி இரண்டு 8 ஓம் ஸ்பீக்கர், நடுவே 0.75 சதுர மி.மீ. ஒயர் ஒன்றே, பேஸ் (தாழ்ந்த அதிர்வொலி) எழவில்லை என்று எழுதியிருந்தீர்கள். ஆம்ப்ளிஃபையரில் கோளாறு இல்லை, ஒயர்தான் காரணம்.

போக வர 80 மீட்டர் செம்பு, அதன் மின்தடை சுமார் 2 ஓம். இரண்டு ஸ்பீக்கரும் இணையாக இருப்பதால் சுமை 4 ஓம். மூன்றில் ஒரு பங்கு மின்னழுத்தம் ஒயரிலேயே விழுகிறது. ஸ்பீக்கருக்குப் பாதி சக்திகூடப் போய்ச் சேராது. வால்யூமை ஏற்றினால் ஆம்ப்ளிஃபையர் கிளிப் ஆகி (எல்லை மீறி ஒலி அலையின் முகடு வெட்டுப்பட்டு) ட்வீட்டர், அதாவது உச்ச ஒலிக்கான சிறு ஸ்பீக்கர், கருகும். தயவுசெய்து ஏற்றாதீர்கள்.

ஸ்பீக்கருக்கு ஒன்றாகத் தனித்தனி 4 சதுர மி.மீ. ஒயர் இழுங்கள், சக்தி இழப்பு 10 சதவீதத்துக்குள் அடங்கும். 2.5 என்றால் 14 சதவீதம் போகும், அதுவும் பரவாயில்லை. வாங்கும்போது முனையைச் சுரண்டிப் பாருங்கள்: உள்ளே வெள்ளையாக இருந்தால் செம்பு பூசிய அலுமினியம், மின்தடை கூடுதல்.

என்னைக் கேட்டால், ஆம்ப்ளிஃபையரையே ஸ்பீக்கர் பக்கம் கூடாரத்துக்குள் வைத்து, மிக்சரிலிருந்து (ஒலிகளைக் கலக்கும் கருவி) பேலன்ஸ்டு எக்ஸ்எல்ஆர் கேபிள், அதாவது இரைச்சல் ஏறாத சிக்னல் கேபிள், இழுப்பதே மேல். அதற்கு 40 மீட்டர் ஒரு தூரமே இல்லை. கரண்டுக்கு ஆர்சிடி (மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் கருவி) உள்ள இணைப்பு வேண்டும், எக்ஸ்டென்ஷன் சுருளை முழுக்க விரித்துவிடுங்கள். சுற்றியபடி ஓட்டினால் சூடேறி உருகும்.

மாலை மழை வரும், இணைப்புகள் புல்லில் கிடக்கக் கூடாது. தோட்டத்து எண்ணெய்ப்பனைக் குலை ஏற்றும் லாரி போகும் பாதையில் ஒயரைத் தரையில் விடவே வேண்டாம்.