இரண்டு நாளில் சாய்ந்த கார்டர் பற்கள்

கேள்வி: நீலகிரி ஆட்டு ரோமம் 3 கிலோ கிடைத்தது. நூற்றுப் பார்க்கலாம் என்று இணையத்தில் ஒரு ஜோடி கை கார்டர் (நூற்கும் முன் ரோமத்தைச் சீவும் கம்பிப் பல் பலகை) வாங்கினேன். ‘கம்பளி, பருத்தி இரண்டுக்கும் ஏற்றது’ என்று போட்டிருந்தது. இரண்டாம் நாளே கம்பிப் பற்கள் சாய்ந்துவிட்டன. விற்றவர்களைக் கேட்டால், நான் பயன்படுத்திய விதம் தவறு என்கிறார்கள். பணம் திரும்பக் கிடைக்குமா?
— ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: முதலில் பற்களை எண்ணுங்கள். பழைய கல்யாணப் பத்திரிகையில் ஓர் அங்குலச் சதுரம் வெட்டி எடுத்து, அந்த ஓட்டையைப் பற்களின் மேல் வையுங்கள். உள்ளே 72 வாக்கில் தெரிந்தால் நடுத்தரக் கம்பளிக்கானது. நீலகிரி ஆடு, மெல்லிய ரோமத்துக்குப் பேர்போன மெரினோ செம்மறி கலந்த இனம், அதன் ரோமமும் மெல்லியது. 108 இருந்தாலும் சரிதான். 200-ஐ நெருங்கினால் அது பருத்திக் கார்டர். அதன் கம்பி மெலிசு, கம்பளியின் இழுப்பைத் தாங்காது. ‘இரண்டுக்கும் ஏற்றது’ என்று விற்பவர் பல் எண்ணிக்கையைச் சொல்லாவிட்டால் எனக்குச் சந்தேகம்தான் வரும்.

உங்கள் பக்கமும் பார்த்துவிடுவோம். ரோமத்தை அலசி, எண்ணெய்ப் பிசுக்கு போக்கி, முள்ளையும் விதையையும் கையால் பொறுக்கினீர்களா? சீவும்போது ‘கரகர’வென்று சத்தம் வந்ததா? வந்திருந்தால் பல்லோடு பல் உரசியிருக்கிறது. மேல் கார்டர் ரோமத்தை மட்டும் தொட்டுப் போனால் போதும், தலை வாருகிற மாதிரி அழுத்தக் கூடாது.

இதெல்லாம் சரியாக இருந்து, எண்ணிக்கை பருத்திக்கானது என்றால் வழக்கு உங்கள் பக்கம். விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளைத் திரும்பப் பெற விற்பனையாளர் மறுக்கக் கூடாது என்கின்றன 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள். ஓட்டை வைத்த படம், விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், பில் மூன்றையும் சேர்த்து அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு அனுப்புங்கள். புகார் கிடைத்ததாக அவர் 48 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள்.

அப்புறம், அடுத்த ஜோடியைக் கையில் பார்த்து வாங்க முடிந்தால் கட்டைவிரலால் பற்களை லேசாகச் சாய்த்துவிடுங்கள். உடனே நிமிர வேண்டும். மரப் பளபளப்புக்குக் காசு கொடுக்காதீர்கள். அதுவரை, நாய்க்கு முடி வாரும் கம்பி பிரஷ் இரண்டு போதும். ஒரு தடவைக்கு ஒரு சிட்டிகை ரோமம்தான் பிடிக்கும், 3 கிலோவுக்கு மழைக்காலம் முழுக்க ஆகும்.