சிற்பக்கலைப் பட்டப்படிப்பு: கேள்விகளும் பதில்களும்

கேள்வி: மகன் பிளஸ் டூ முடித்துவிட்டான். சிற்பம் படிக்க சென்னையா, மாமல்லபுரமா?

பதில்: இரண்டும் வேறு வேறு வழிகள். சென்னை அரசு கவின் கலைக் கல்லூரி 1850-இல் தொடங்கியது. அங்கே களிமண், பிளாஸ்டர், வெல்டிங் என்று பழகி, தனக்கென்று ஒரு பாணியைத் தேடிக்கொள்ள வேண்டும். மாமல்லபுரத்தில் 1957-இல் பயிற்சி மையமாகத் தொடங்கியதுதான் இன்றைய கல்லூரி. அங்கே கல், மரம், உலோகம், சுதை (சுண்ணாம்புக் கலவை) எல்லாம் சிற்ப சாத்திர அளவுகளோடு வரும். கும்பகோணத்திலும் அரசு கவின் கலைக் கல்லூரி இருக்கிறது. முடிவு செய்யும் முன் மகனைப் பட்டறைக்கு அழைத்துப் போங்கள். மூன்றாம் ஆண்டு மாணவர்களின் வேலையைப் பார்த்தால் அவனுக்கே புரிந்துவிடும்.

கேள்வி: கட்டணம், கடைசித் தேதி?

பதில்: கல்லூரி அலுவலகத்தில் கேளுங்கள்.

கேள்வி: எனக்கு ஓவியம் சரியாக வராது. சேரலாமா?

பதில்: சேரலாம். ஆனால் இன்றிலிருந்தே தினமும் வரையுங்கள், மண்ணும் பிசையுங்கள்.

கேள்வி: அளவு, அளவு என்று மாமல்லபுரத்தில் கற்பனையைக் கொன்றுவிடுவார்களாமே?

பதில்: இதைச் சொல்பவர்கள் தாளமானத்தை, அதாவது சிலைக்கான அளவு முறையை, படித்ததில்லை என்று நினைக்கிறேன். முதன்மைத் தெய்வங்களுக்கான உத்தம தசதாளம் என்ற அளவில் உருவத்தின் உயரத்தை 124 பங்காகப் பிரிக்கிறோம். அதில் ஒரு பங்குதான் அங்குலம். தேவியருக்கு மத்திம தசதாளம், 120 பங்கு. முகம் எவ்வளவு, முழங்கால் எங்கே என்பது இதில் வந்துவிடும். இடுப்பு வளைவின் இழுப்பு, கண்ணில் வரும் அமைதி, விரல் நுனியின் நெகிழ்வு எதுவும் இதில் வராது. ஒரே அளவில் பத்துப் பேர் செய்தால் பத்துச் சிலையும் பத்து விதமாகத்தான் இருக்கும். சோழர் செப்புத் திருமேனிகளை அருங்காட்சியகத்தில் அடுத்தடுத்து நின்று பாருங்கள்.

கேள்வி (வேறொருவர்): கோயிலுக்குச் சரி. மெரினா உழைப்பாளர் சிலையைச் செய்த சிற்பி ராய் சௌத்ரி தாளமா பார்த்தார்?

பதில்: இல்லை. பாறையை நெம்பும் நால்வரின் உடம்பில் பாரம் எந்தத் தசையில் இறங்குகிறது என்று பார்த்தார். அதுவும் கடுமையான ஒழுங்குதான், சாத்திரத்திலிருந்து வராமல் உடம்பைக் கவனித்து வந்தது.

கேள்வி (அவரே): அப்படியென்றால் நவீன சிற்பிக்குக் கோயில் மரபு தேவையில்லைதானே?

பதில்: பி.வி. ஜானகிராமைப் பாருங்கள். சென்னையில் படித்த நவீன சிற்பி. கோயில் மூலவருக்குச் சாத்தும் உலோகக் கவசத்திலிருந்துதான் தகட்டுச் சிற்பத்துக்கு வழி பிடித்தார். தகட்டைத் தட்டி, வெட்டி, கம்பியைப் பற்றவைத்து, கவசத்தையே சிற்பமாக்கினார். மரபை ஒதுக்கியிருந்தால் அந்தத் தகடு அவர் கண்ணில் பட்டே இருக்காது.

கேள்வி: கல் வேலைக்கு கிரைண்டர் பழகலாமா?

பதில்: முதலில் உளி. கல் எப்படிப் பிளக்கும் என்பது கைக்குத் தெரிந்தபின் மெஷின். அப்புறம், கருங்கல் தூசியில் சிலிக்கா இருக்கிறது. நுரையீரலில் தங்கினால் சிலிக்கோசிஸ் வரும், அதைக் குணப்படுத்த மருந்து கிடையாது. தண்ணீர் விட்டு அறுங்கள். நல்ல தூசிக் கவசம் போடுங்கள். கைக்குட்டை கட்டினால் போதாது.

கேள்வி: வேலை கிடைக்குமா?

பதில்: கோயில் திருப்பணி, வார்ப்புப் பட்டறை, சினிமா கலைத்துறை, ஆசிரியப் பணி. மாதச் சம்பளம் உறுதியாக வேண்டுமென்றால் வேறு படிப்பைப் பாருங்கள்.

கேள்வி: சென்னை நல்லதா, மாமல்லபுரமா?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: ஃபைபர் வார்ப்பை (கண்ணாடி இழையும் ரெசின் பிசினும் சேர்த்து வார்ப்பது) விடுதி அறையிலேயே செய்யலாமா?

பதில்: கூடவே கூடாது. ரெசின் ஆவி மூச்சுக்குக் கெடுதல், தீயும் பிடிக்கும். காற்றோட்டமான பட்டறையில், ஆவிக்கான முகமூடியோடு மட்டும். தூசிக்குப் போடுவது இதற்கு ஆகாது.