ஒரு கிளையண்டுக்கு ஒரு த்ரெட் (புரோகிராமுக்குள் தனியாக ஓடும் வேலை இழை) என்று எழுதிய சர்வர் ஆயிரம் இணைப்புகளோடு நின்றுவிடுகிறது. பெரிய மெஷின் வாங்க வேண்டுமா?

இப்போதைக்கு வாங்காதீர்கள். நீங்கள் சொல்லும் அந்த 'ஆயிரம்'தான் எனக்குச் சந்தேகம் தருகிறது. லினக்ஸில் ஒரு புராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்) திறந்து வைக்கக்கூடிய ஃபைல்களுக்கு வழக்கமான வரம்பு 1024. ஒவ்வொரு சாக்கெட்டும், அதாவது ஒவ்வொரு இணைப்பின் முனையும், அதில் ஒரு ஃபைலாகவே எண்ணப்படும். டெர்மினலில் 'யூலிமிட் -என்' (ulimit -n) என்ற கட்டளையைக் கொடுத்து அந்த வரம்பைப் பாருங்கள்.

முன்பு வேலை பார்த்த இடத்தில் இதே கதையை முழுக்கப் பார்த்திருக்கிறேன். கருவிகள் எந்நேரமும் இணைந்திருந்து, எப்போதாவது ஒரு சின்னச் செய்தி அனுப்பும் சர்வர் அது. சிபியு சும்மா கிடந்தது, மெமரியும் நிறையக் காலி. ஆனாலும் "மெஷின் பத்தவில்லை" என்று மேலே முடிவு கட்டிவிட்டார்கள். வரம்பை உயர்த்தினோம், புது இணைப்புகளை ஏற்றது, சற்று நேரத்தில் கிராஷ் ஆனது. பழைய புரோகிராம் கோடு, எந்த சாக்கெட்டில் செய்தி வந்திருக்கிறது என்று பார்க்கும் 'செலக்ட்' (select) என்ற அழைப்பை நம்பியிருந்தது. அதன் பட்டியலில் 1024 இடங்கள்தான். அதைத் தாண்டிய எண்ணுள்ள சாக்கெட்டைக் கொடுத்தால் பக்கத்து மெமரி கெட்டுவிடும். அதே வேலையைச் செய்யும் லினக்ஸின் 'ஈபோல்' (epoll) முறைக்கு மாற்றி எழுதினேன். செலக்ட் ஒவ்வொரு முறையும் எல்லா சாக்கெட்டையும் தடவிப் பார்க்கும், ஈபோல் தயாராக இருப்பவற்றை மட்டும் கையில் தரும். முக்கால்வாசி இணைப்புகள் சும்மா இருக்கும் சர்வரில் இதுவே பெரிய விடுதலை.

அப்புறமும் அவ்வப்போது மொத்த சர்வரும் உறைந்தது. எல்லா இணைப்புகளையும் மாறி மாறிக் கவனிக்கும் ஈவென்ட் லூப்புக்குள்ளேயே டேட்டாபேஸைக் கூப்பிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தது ஒரே ஒரு வரி. ஒருவருக்காக லூப் நின்றால் அத்தனை பேருக்கும் நின்ற மாதிரிதான். அந்த அழைப்பைத் தனி வொர்க்கர் த்ரெட்களிடம் தள்ளியதும் சரியானது, அதே பழைய மெஷினில்.

த்ரெட் முறையே தப்பு என்று நான் சொன்னதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம். சில நூறு பேருக்கு அது போதும், கோடும் படிக்கச் சுலபம். கோ (Go) மொழியின் கோரூட்டீன்கள், 2023-இல் ஜாவா 21-ல் வந்த வர்ச்சுவல் த்ரெட்கள் எல்லாம் அதே எழுத்து முறையை மலிவாகத் தருகின்றன. ஆனால் பத்தாயிரம் இணைப்புகளை ஒரே மெஷின் தாங்க வேண்டும் என்று புரோகிராமர் டான் கெகல் 1999-லேயே எழுதிவிட்டார். 2012-இல் வாட்ஸ்அப் எர்லாங் மொழியை வைத்து ஒரே சர்வரில் 20 லட்சம் இணைப்புகளைத் தொட்டது. ஆயிரத்துக்கு மெஷினைக் குறை சொல்வது நியாயமில்லை.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்கிறேன். அந்தப் பழைய இடத்தில் 'டூ மெனி ஓப்பன் ஃபைல்ஸ்' (திறந்த ஃபைல்கள் மிக அதிகம்) என்று சர்வரின் லாக் முதல் நாளிலிருந்தே கத்திக்கொண்டிருந்தது. கோடு எழுதுகிறவர்களுக்கு அந்த லாகைப் பார்க்க அனுமதி கிடையாது. ஒவ்வொரு முறையும் கோரிக்கை போட்டு, யாராவது மனம் வைத்து நாலு வரி வெட்டி அனுப்பும்வரை காத்திருக்க வேண்டும். சர்வர் விழுந்தால் மட்டும் முதல் அழைப்பு எங்களுக்கு! பல இடங்களில் இன்றும் இப்படித்தான் நடக்கிறது, இதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

சரி, மாற்றிய பிறகு எத்தனை இணைப்பு தாங்கும் என்று லோடு டெஸ்ட் செய்வீர்கள். ஒரே மெஷினிலிருந்து அடித்தால் சுமார் 28,000 இணைப்புகளில் நின்றுவிடும். அது கிளையண்ட் பக்கத்து போர்ட்கள் (ஒவ்வொரு இணைப்புக்கும் தரப்படும் எண்கள்) தீர்வதால் வருவது. லினக்ஸ் தானாக ஒதுக்குவது 32768 முதல் 60999 வரைதான். இன்னொரு மெஷினிலிருந்தும் சேர்த்து அடித்துப் பாருங்கள்.