முதியோர் இல்லங்கள்: யார் தொடங்கினார்கள், எதனால் நிலைக்கின்றன? (கேள்வி பதில்)

செந்தூல் வாசகர்: தோட்டத்தில் உழைத்து ஓய்ந்த நம்மவர்களை அந்தக் காலத்தில் யார் கவனித்தார்கள்? கோயில் சத்திரத்தை விட்டால் வேறு வழியே இல்லையா?

வழி இருந்தது, ஆனால் அது தருமமாகப் பிறந்ததல்ல. மலாயாவில் 1907-இல் தமிழர் குடியேற்ற நிதி என்று ஒன்று சட்டப்படி ஏற்பட்டது. தமிழ்த் தொழிலாளர்களை வைத்திருந்த முதலாளிகள், ஆட்கள் வேலை செய்த நாள் கணக்குப்படி அதற்குப் பணம் கட்ட வேண்டும். கப்பல் கட்டணம் கொடுத்துத் தமிழ்நாட்டிலிருந்து தோட்டத்துக்கு ஆள் கொண்டுவருவதுதான் அதன் முதல் வேலை. உடல் ஓய்ந்தவர்களை ஊருக்குத் திருப்பி அனுப்பும் செலவும் அதன் தலையில் வந்தது. 1938-இல் இந்திய அரசு கூலியாட்கள் வருவதைத் தடை செய்ததும், ஆள் கொண்டுவரும் வேலை அதற்கு இல்லாமல் போனது. மிஞ்சிய நிதி, 1958 சட்டத்தின்படி தென்னிந்தியத் தொழிலாளர் நிதி என்ற பெயரில் முதியோர், ஆதரவற்றோர் நலனுக்கென ஒதுக்கப்பட்டது. 1999-இல் அதற்கென்றே ஒரு சட்டம் இயற்றி அந்த நிதியையும் கலைத்துவிட்டார்கள். பாட்டாளியின் உழைப்பு நாளை எண்ணிச் சேர்த்த பணம், பாட்டாளியின் பேரன் காலத்தில் கணக்கிலிருந்தே மறைந்தது.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். லயத்து வீடு, அதாவது தோட்டம் தொழிலாளருக்குக் கொடுத்த வரிசை வீடு, வேலையோடு ஒட்டிய வீடு. வேலை முடிந்தால் வீடும் போகும். ஓய்வுக்காலத்துக்கென்று சம்பளத்தில் பிடிக்கும் சேமநிதி 1951-இல்தான் வந்தது. அன்றைய சம்பளத்தில் சேர்ந்த தொகைக்கு ஒரு கூரைகூட வாங்க முடியாது. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது முதியவர்கள் நகரத்துப் புறம்போக்குக்கு வந்து சேர்ந்ததற்கு இதுவே காரணம், பிள்ளைகளின் மனம் கல்லானது அல்ல.

செராஸ் வாசகி: எங்கள் பக்கத்தில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் இல்லம் இருக்கிறதே, அதன் பூர்வீகம் என்ன?

ஏழைகளின் சிறிய சகோதரிகள் சபையைத்தான் கேட்கிறீர்கள், அம்மா. கோலாலம்பூரில் செராஸிலும் பினாங்கில் பத்து லஞ்சாங்கிலும் அவர்களுக்கு இல்லங்கள் உண்டு. பிரான்சில் ஜான் ழூகான் என்ற வேலைக்காரப் பெண், 1839 குளிர்காலத்தில் பார்வையிழந்த மூதாட்டி ஒருவரை வீட்டுக்குக் கொண்டுவந்து தன் கட்டிலில் படுக்க வைத்தார். சபை அப்படித் தொடங்கியது. சில ஆண்டுகளிலேயே ஒரு பாதிரியார் அவரைத் தலைமையிலிருந்து இறக்கிவிட்டு, தானே நிறுவனர் என்று சொல்லிக்கொண்டார். ஜான் 1879-இல் இறந்தபோது இளம் சகோதரிகள் பலருக்கு அவர்தான் தொடங்கியவர் என்றே தெரியாது. 2009-இல் அவருக்குப் புனிதர் பட்டம் கிடைத்தது.

நிர்வாகத்துக்கு இதில் ஒரு பாடம் உண்டு. நிலையான வருமானம் தரும் சொத்தையோ அறக்கட்டளையையோ ஏற்பதில்லை என்று 1865-இல் அந்தச் சபை முடிவெடுத்தது. அன்றாடம் கேட்டு வாங்கியே நடத்துவார்கள். சகோதரிகளே சம்பளமில்லாமல் வேலை செய்வதால் அவர்களுக்கு அது நடக்கிறது. சம்பள ஆள் வைத்து நடத்தும் சங்கம் அதைப் பார்த்துச் செய்யப் போனால் மூன்றாம் மாதமே ஆள் நிற்காது.

பிறை வாசகர்: நல்ல மனிதர் ஒருவர் பங்களாவை இல்லத்துக்குத் தருகிறேன் என்கிறார். சங்கத் தலைவர் பெயரிலேயே எழுதிக்கொள்ளலாமா?

வேண்டாம், ஐயா. நம் இல்லங்கள் பல முறிந்த இடமே அதுதான். தலைவர் இறந்தால் பட்டாவில் உள்ள பெயருக்குத்தான் சட்டம் பார்க்கும். வாரிசுகள் கோருவார்கள், வழக்கு பல ஆண்டு இழுக்கும், அதற்குள் கூரை ஒழுகும். 1966 சங்கச் சட்டத்தின் 9-ஆம் பிரிவின்படி நிலத்தைச் சங்கத்தின் பெயரிலேயே பதியலாம். பத்திரங்களில் அப்போதைய பொறுப்பாளர்கள் மூவர் கையெழுத்திட வேண்டும். அவர்கள்தான் பொறுப்பாளர்கள் என்று சங்கப் பதிவிலாகா சான்று தர வேண்டும். ஆண்டுக் கூட்ட அறிக்கை பதிவிலாகாவுக்குப் போகாமல் கிடந்தால் அந்தச் சான்று தடைப்படும், நிலமும் அசையாது. பெரிய சொத்தென்றால் 1952 அறங்காவலர் (கூட்டிணைப்பு) சட்டத்தின் கீழ் அறங்காவலர் குழுவையே சட்டப்படி தனி அமைப்பாகப் பதிந்துகொள்வது மேல்.

வங்கிக் கடன் பாக்கியுள்ள வீட்டைத் 'தானம்' என்று வாங்காதீர்கள். தானத்தோடு கடனும் வரும்.

கெப்போங் வாசகி: தீபாவளிக்கு அரிசி கொடுக்கலாமா, பணமா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். 20 பேர், வேளைக்கு 75 கிராம் அரிசி, நாளுக்கு இரண்டு வேளை. நாளுக்கு 3 கிலோ, மாதத்துக்கு 90 கிலோ, அதாவது 10 கிலோ மூட்டை ஒன்பது. பண்டிகை வாரத்தில் 40 மூட்டை வந்து இறங்கும். நான்கு மாதத்துக்கு மேலான அரிசி. இந்த ஈரக் காற்றில் வண்டு பிடித்துவிடும். அதே நேரம் பெரியவர்களுக்கான பெம்பர்ஸ் (டயப்பர்) இருக்காது. படுத்த படுக்கையாக உள்ளவருக்கு நாளுக்கு 4 அல்லது 5 வேண்டும். அப்படி 10 பேர் இருந்தால் மாதத்துக்கு 1,200 முதல் 1,500. அளவும் கேட்டுக்கொண்டு வாங்குங்கள். இடுப்பில் தளர்ந்தால் கசியும், இறுகினால் தொடை புண்ணாகும்.

வரிக் கழிவு வேண்டுமென்றால் பணமாகவே கொடுங்கள். வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவில் அங்கீகாரம் பெற்ற அமைப்பாக இருக்க வேண்டும், ரசீதில் அது குறிக்கப்பட்டிருக்க வேண்டும். மொத்த வருமானத்தில் 10 விழுக்காடு வரை கழிவு உண்டு. அரிசி மூட்டைக்கு அந்தப் பிரிவில் கழிவு இல்லை.

பிரிக்பீல்ட்ஸ் வாசகர்: வாடகை வீட்டில் ஐந்து பாட்டிகளை இலவசமாக வைத்துப் பார்க்கிறோம். பதிவு தேவையா?

தேவை. 1993 பராமரிப்பு மையச் சட்டம், நான்கு பேர் அல்லது அதற்கு மேல் தங்கினாலே பொருந்தும். கட்டணம் வாங்குகிறீர்களா என்று பார்க்காது. சமூகநலத் துறையில் விண்ணப்பம். மாநகராட்சி, தீயணைப்புத் துறை, சுகாதாரத் துறை மூன்றையும் திருப்திப்படுத்த வேண்டும். மாட்டிக்கொள்வது பெரும்பாலும் மாநகராட்சியிடம்: குடியிருப்பு நிலத்தில் மையம் நடத்த அனுமதி வேண்டும், வீட்டுக்காரரின் ஒப்புதலும் வேண்டும். புதுப்பிப்புக்குச் செலவழிக்கும் முன்பே இதைக் கேட்டுவிடுங்கள். நடக்க முடியாதவர்களை மேல்மாடியில் படுக்க வைக்காதீர்கள். தீ வந்தால் மாடிப்படியில் தூக்கி இறக்க ஆள் போதாது.

அம்பாங் வாசகர்: அரசாங்க இல்லத்தில் சேர்க்க என்ன தகுதி?

ரூமா செரி கெனாங்கான் என்ற அரசாங்க முதியோர் இல்லத்துக்கு 60 வயது, வறுமை, ஆதரவு தர யாரும் இல்லாமை, தொற்றுநோய் இல்லாமை, தன் வேலையைத் தானே பார்க்கும் திறன். கடைசி நிபந்தனையில்தான் பலர் தள்ளப்படுகிறார்கள். நாட்பட்ட நோயாளிகளுக்கென ரூமா எஹ்சான் தனியே உண்டு.

ஜாலான் ஈப்போ வாசகி: தனியார் இல்லம் பார்க்கப் போகும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

வரவேற்பறையைப் பார்க்காதீர்கள், அம்மா. இரவில் எத்தனை பேர் வேலை என்று கேளுங்கள். அசையாமல் கிடப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். ஒருவரைப் புரட்ட 5 நிமிடம் என்றாலும் 10 பேருக்கு 50 நிமிடம்; இதோடு துணி மாற்றுவது, மருந்து, யாராவது விழுந்தால் தூக்குவது. ஒற்றை ஆளால் முடியாது. முடிகிறது என்று சொன்னால் யாரையும் புரட்டவில்லை என்று பொருள். படுக்கைப் புண் இருக்கிறதா என்று குதிகாலையும் வால் எலும்பையும் பார்த்தால் தெரிந்துவிடும்.