நீமோவும் காணாமற்போன ஆடும்

கேள்வி: மதுரை புதூரில் இருக்கிறோம். சபையின் ஓய்வுநாள் பள்ளியில் பாடம் எடுக்கிறேன். லீவில் பிள்ளைகளோடு ‘ஃபைண்டிங் நீமோ’ படம் பார்த்தபோது, ஆட்டைத் தேடிப்போன மேய்ப்பனும் யோனாவும் என் நினைவுக்கு வந்தார்கள். என் கணவரோ, “மீன் படத்துக்குள்ள வேதத்தைத் திணிக்காதே” என்கிறார். வகுப்பில் இதைச் சொல்லலாமா?

பதில்: அன்புச் சகோதரி, தாராளமாகச் சொல்லுங்கள். ஆனால் வீட்டுக்காரர் சொன்னதையும் தள்ளிவிடாதீர்கள். 2003-ல் வந்த அந்தப் படத்தின் இயக்குநர் ஆண்ட்ரூ ஸ்டாண்டன் கிறிஸ்தவர்தான். ஆனால் கதைக்கு விதை விழுந்தது ஒரு பூங்காவில். சின்ன மகனைக் கூட்டிப்போனவர், ‘தொடாதே, விழுந்துடுவே’ என்று அதட்டியே அந்த நேரத்தைப் பாழாக்கிவிட்டாராம். அவரே சொன்னது இது. ஆக, காணாமற்போன நீமோவைத் தேடிப்போகும் அப்பா மீன் மார்லின், பயந்துபோன ஒரு தகப்பன். அதைக் கடவுளாக்கினால் கதையும் கெடும், பாடமும் கெடும்.

யோனா விஷயமும் அப்படித்தான். அவர் ஆண்டவர் சொன்ன நினிவேக்குப் போகாமல் எதிர்த்திசையில் ஓடியவர். மார்லின் மகனைத் தேடி ஓடுகிறது. ஆனாலும், திமிங்கலத்தின் நாக்கைப் பிடித்துத் தொங்கும் மார்லின் கடைசியில் பிடியை விடுகிறதே, அந்தக் காட்சியை மட்டும் போட்டுக் காட்டுங்கள். தன்னால் இனி ஒன்றும் ஆகாது என்ற இடத்தில்தான், தன்னை விழுங்கிய பெரிய மீனின் வயிற்றிலிருந்து, யோனாவும் ஜெபித்தார். பிள்ளைகளுக்கு அது சட்டென்று புரியும்.

ஆட்டுக் கதைக்கு மட்டும் ஒரு வகுப்பு முழுவதையும் கொடுங்கள். 400-க்கு மேல் முட்டைகள் இருந்து, எல்லாம் போய், மார்லினுக்கு மிஞ்சியது ஒரே பிள்ளை. வேறு யாருமில்லாதபோது தேடிப் போகாமல் என்ன செய்யும்? லூக்கா 15-ல் வரும் மேய்ப்பனுக்கோ 99 ஆடுகள் கையில் இருக்கின்றன. அப்படியிருந்தும் போகிறான். இந்த வித்தியாசத்தை மழுப்பிவிடாதீர்கள், சகோதரி. உவமையின் உயிரே அங்கேதான் இருக்கிறது.

“மார்லினுக்கு இன்னும் 99 குஞ்சுகள் இருந்திருந்தால், நீமோவைத் தேடிப் போயிருக்குமா?” என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். பிள்ளைகள் சண்டை போடட்டும். முடிந்தால் ஒரு சனிக்கிழமை மேலூர்ப் பக்கம் கூட்டிப்போங்கள். அறுவடை முடிந்த வயலில் ஆட்டுக்கிடை போட்டிருக்கும் கீதாரி (ஆடு மேய்ப்பவர்) யாராவது இருந்தால், ஓர் ஆட்டைக் காணோமென்றால் என்ன செய்வார், மற்ற ஆடுகளை யாரிடம் விட்டுப் போவார் என்று அவர்களே கேட்கட்டும். வேதாகமத்தை மறுநாள் வகுப்பில் திறந்தால் போதும்.